கூரைமேல் ஏசி: எங்கள் டிரெய்லரில் ஆறு கோடைகள்

2020 ஜூலை, டெக்சாஸில் இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்கா. மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே 101 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் எங்கள் நடமாடும் வீடான டிரெய்லருக்குள் 88. கூரைமேல் ஏசி காலையிலிருந்து ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. சின்னவள் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். நான்கு நாள் தங்கப் போனவர்கள் இரண்டாவது நாளே ஹூஸ்டனுக்குத் திரும்பிவிட்டோம்.

அதே ஏசிதான் இன்றைக்கும் அதே கூரையில் இருக்கிறது. இந்த 2025 ஆகஸ்டில் அதே பூங்காவில், ஏறக்குறைய அதே வெயிலில், உள்ளே 78 டிகிரி. இயந்திரத்தை மாற்றவில்லை, கேஸ் ஏற்றவில்லை. நடுவில் நான் செய்த வேலைகளில் எது பலன் தந்தது, எது வீண் என்பதை எழுதி வைக்கிறேன். இங்கே ஆர்வி (இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டிகளுக்குப் பொதுப்பெயர்) வாங்கும் நம்மவர்கள் பலரும் முதல் கோடையிலேயே "ஏசி பத்தல, பெருசா மாத்தணும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நானும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கு வந்தவன்தான்.

முதலில் வண்டியைப் பற்றி. 2017 மாடல், 26 அடி டிராவல் டிரெய்லர், 2019 அக்டோபரில் பழையதாக வாங்கினோம். கூரையில் ஒரே ஒரு ஏசி, குளிர்விக்கும் திறன் 13,500 பிடியு. நம் ஊர்க் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை, அதன்மேல் இயந்திரம், அடியில் ரப்பர்நுரை கேஸ்கெட், உள்ளிருந்து நான்கு நீள போல்ட். அவ்வளவுதான் பொருத்தம். குளிர்காற்று நேராக அறைக்குள் இறங்காமல், கூரைப் பலகைகளுக்கு நடுவே ஓடும் குழாய்ப்பாதை வழியாகப் போய் ஏழு துளைகளில் வெளிவரும். இந்தக் குழாய்ப்பாதைதான் எங்கள் கதையின் பெரும்பகுதி.

அந்த முதல் பயணம் முடிந்ததும் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இயந்திரம் வலுவிழந்துவிட்டது, புதுசுதான் போடணும்" என்று 1,400 டாலருக்கு மதிப்பீடு கொடுத்தார்கள். காற்றின் வெப்பநிலையை யாரும் அளக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்து, சமையலறையில் இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் போனேன். ஏசி உள்ளிழுக்கும் காற்று 86 டிகிரி. இயந்திரத்துக்கு நேர் அடியில் வெளிவரும் காற்று 66. இருபது டிகிரி வித்தியாசம். நல்ல நிலையில் உள்ள ஏசிக்கு 16 முதல் 22 வரை இருந்தால் போதும். ஆக, இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. பிறகு படுக்கையறைக் கோடியில் உள்ள துளையில் வைத்துப் பார்த்தேன். 75!

66-ல் கிளம்பிய காற்று பதினைந்து அடி போவதற்குள் 75 ஆகிவிடுகிறது என்றால், நடுவில் எங்கோ குளிர் கசிகிறது, வெப்பம் கலக்கிறது. ஆர்வி ஏசி வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இந்த மூன்று அளவுகளைத்தான். ஐந்து நிமிட வேலை.

மெயின் பிரேக்கரை அணைத்து, உள்கூரையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் நான்கு திருகைக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பெட்டி போன்ற இடத்தில் ஒரு பக்கம் சூடான காற்று மேலே ஏறுகிறது, மறுபக்கம் குளிர்காற்று கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. தயாரிப்பில் ஒட்டிய டேப் வெப்பத்திலும் தூசியிலும் காய்ந்து, வாழைச் சருகு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தடுப்பின் ஓரத்தில் என் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. இறங்கும் குளிர்காற்றில் ஒரு பங்கு அறைக்கே வராமல், அந்த இடைவெளி வழியாகத் திரும்பவும் இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பங்கு, குழாய்ப்பாதை தொடங்கும் இடத்தில் மரச்சட்டத்துக்கும் நுரைப்பலகைக்கும் நடுவில் புகுந்து கூரையின் உட்கூட்டைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாகக் கூரைக்கு ஏசி போட்டிருந்திருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, அலுமினியத் தகடு டேப்பால் எல்லா ஓரத்தையும் மூடினேன். இங்கே ஒரு எச்சரிக்கை: சாம்பல் நிறத்தில் துணிபோல இருக்கும் 'டக்ட் டேப்' இந்த வேலைக்கு உதவாது. வெப்பத்தில் பசை உருகி, ஒரே கோடையில் உரிந்துவிடும். வீட்டு ஏசிக் குழாய் வேலைக்கென்று விற்கும் அலுமினிய டேப்தான் வேண்டும். ஒட்டிய பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நடுத் தடுப்பை ஓர் அங்குல நுரைப்பலகையில் புதிதாக வெட்டிப் பொருத்தினேன். இறங்கும் காற்று நேராகத் தட்டையான தளத்தில் மோதிச் சுழலாமல் இரு பக்கமும் பிரிந்து போகட்டும் என்று, அதே பலகையில் கூரைமுகடு மாதிரி இரண்டு சரிவுத் துண்டுகளையும் வைத்தேன்.

அப்புறம் ஒவ்வொரு துளையின் பிளாஸ்டிக் வளையத்தையும் கழற்றிப் பார்த்தால், அங்கேயும் உள்கூரைக்கும் குழாய்ப்பாதைக்கும் நடுவே திறந்த வெளி. அதையும் டேப்பால் மூடினேன். கடைசித் துளையைத் தாண்டிக் குழாய்ப்பாதை இன்னும் நாலடி சும்மா நீண்டு, வண்டியின் முன்மூக்கு வரை போய் முடிகிறது. கையை விட்டுத் துழாவித்தான் அதைக் கண்டுபிடித்தேன். ஒரு நுரைத் துண்டைத் திணித்து அடைத்தேன்.

மறுநாள் அளந்தபோது படுக்கையறைத் துளையில் 68. ஏழு டிகிரி முன்னேற்றம். மொத்தச் செலவு 35 டாலர். சத்தமும் குறைந்தது. இந்த ஆறு வருஷத்தில் நான் செய்த எல்லா மாற்றத்திலும் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது. பின்னால் நானூறு டாலர் செலவழித்து வாங்கிய கருவியும் இந்த டேப் சுருளுக்கு அடுத்த இடத்தில்தான்.

2021-ல் வேறொரு சிக்கல். கால்வெஸ்டன் தீவில் கடலோரமாக ஓரிரவு. வெப்பம் அதிகமில்லை, ஆனால் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்குப் புழுக்கம். விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டுத் தூங்கினோம். விடியற்காலை நான்கு மணிக்கு ஏசி உறுமுகிறது, காற்று வரவில்லை. மூடியைத் திறந்தால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான 'காயில்' முழுக்க வெள்ளைப் பனி. கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஒரு மணிநேரம் ஓடவிட்டதும் உருகிச் சொட்டியது.

பலரும் இதைப் பார்த்தவுடன் "கேஸ் போயிடுச்சு" என்பார்கள். கேஸ் குறைந்தாலும் காயிலில் பனி கட்டும், உண்மைதான். ஆனால் எங்கள் இயந்திரத்தைப் போன்ற பெரும்பாலான ஆர்வி ஏசிகள் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிட்ட அமைப்பு. கேஸ் ஏற்றும் வால்வே கிடையாது. செம்புக் குழாயைத் துளைத்து வால்வு பொருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்குப் போகவில்லை. இருபது டிகிரி வித்தியாசம் வரும் இயந்திரத்தில் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பில்லை. காற்றோட்டம் குறைந்ததுதான் காரணம் என்று தேடினேன், இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, சத்தத்தைக் குறைக்கலாமே என்று காற்று உள்ளிழுக்கும் இடத்தில் நான் ஒட்டியிருந்த ஒலிதடுப்பு நுரை. கேட்பதற்கு இதமாக இருந்தது, ஆனால் காற்றின் வழியைப் பாதி மறித்துவிட்டது. உடனே பிய்த்து எறிந்தேன். இரண்டு, காயிலின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே செருகி வைத்திருக்க வேண்டிய உறைபனி உணரி. பட்டாணி அளவில் இருக்கும் சின்னச் சமாசாரம் அது. காயில் உறையும் நிலைக்குப் போனால் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வதுதான் அதன் வேலை. எங்களுடையது வெளியே விழுந்து காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. டேப் ஒட்டும்போது நானே தட்டிவிட்டிருக்கலாம். திரும்பச் செருகினேன். அன்றிலிருந்து புழுக்கமான இரவுகளில் விசிறியை அதிக வேகத்திலேயே விடுகிறோம். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுகிறோம். அதற்குப் பிறகு பனி கட்டவே இல்லை.

2022 கோடையில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெக்சாஸ் மலைநாட்டுப் பக்கம் ஒரு தனியார் முகாமில் தங்கியிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, சுற்றிலும் நிற்கும் எண்பது வண்டியிலும் ஏசி ஓடும் நேரத்தில், எங்கள் ஏசி நின்றுவிட்டது. விசிறி சுற்றுகிறது. கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகி, 'டக்' என்று அடங்குகிறது. மூன்று நிமிடம் கழித்துத் திரும்பவும் முனகல், திரும்பவும் டக்.

"ஏப்பா, வோல்டேஜ் எவ்வளவு வருது?" என்றார் அப்பா.

"பாக்கலையேப்பா."

"நம்ம ஊர்ல ஸ்டெபிலைசர் இல்லாம ஒருத்தன் ஏசி போடுவானா? மொதல்ல அதப் பாரு. அப்புறம் மிஷினக் குறை சொல்லு."

பார்த்தேன். 106 வோல்ட். இங்கே ஆர்விக்கு வரும் 30 ஆம்பியர் இணைப்பு என்பது 120 வோல்ட். நம் ஊர் 230 அல்ல. அதை 106-ல் ஓட்டுவது, மதுரையில் 200 வோல்ட்டில் ஏசி ஓட்டுவதற்குச் சமம். மோட்டார் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று அப்பா தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 120-க்குப் பதில் 106 வந்தால் அந்த விசையில் கிட்டத்தட்ட 22 சதவீதம் காணாமல் போகிறது. கிளம்ப முடியாத கம்ப்ரசர் நின்ற இடத்திலேயே மின்சாரத்தைக் குடித்துச் சூடாகிறது. கூடவே வெயில். அந்தச் சூட்டில் முதலில் சாவது, மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர்.

மறுநாள் காலை ஆறரைக்கு, வண்டியின் இணைப்பையே பிடுங்கிவிட்டுக் கூரையில் ஏறினேன். (எல்லா டிரெய்லர் கூரையும் ஆள் எடையைத் தாங்காது. எங்களுடையது தாங்கும், இருந்தாலும் ஒரு ஒட்டுப்பலகையைப் போட்டு அதன்மேல் முழங்காலிட்டேன்.) வெளிமூடியைக் கழற்றினால் உள்ளே மண்ணால் கட்டிய மூன்று குளவிக்கூடு. ஒன்று விசிறிக்கு அரை அங்குல தூரத்தில். மின்பெட்டிக்குள் கெபாசிட்டரின் தலை, கெட்டுப்போன உணவுடப்பா மாதிரி உப்பியிருந்தது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். கீழே நின்ற அப்பா அதை இறக்கிவிட்டேனா என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் கைவைக்க விட்டார். கம்ப்ரசர் பக்கத்துக்கு 40 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டரில் 22 காட்டியது. பொது, கம்ப்ரசர், விசிறி என்று மூன்று முனை. கம்பிகளைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். பக்கத்து ஊர்க் கடையில் அதே மதிப்பில் புதியது 22 டாலர். மாற்றியதும் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. அன்றிலிருந்து ஒரு கெபாசிட்டரும் திருகுளியும் மீட்டரும் டிரெய்லரிலேயே இருக்கின்றன.

அதே நாளில் அப்பா இன்னொன்றையும் பிடித்தார். எங்கள் மின்கம்பியின் பிளக்கில் ஒரு பித்தளைக் கால் பழுப்பேறி, அதைச் சுற்றியுள்ள ரப்பர் இளகியிருந்தது. லூஸ் கான்டாக்ட். 13 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடும்போது இப்படி ஒரு தளர்வு நெருப்பில் போய் முடியும். பிளக்கை வெட்டிப் புதியது போட்டோம்.

அதன் பிறகு இரண்டு கருவி வாங்கினேன். முதலாவது அப்பா கேட்ட ஸ்டெபிலைசர்தான். இங்கே அதற்கு ஆட்டோஃபார்மர் என்று பெயர். முகாமின் மின்சாரம் தாழ்ந்திருந்தால் 10 சதவீதம் உயர்த்திக் கொடுக்கும். 106 உள்ளே போனால் 116 வெளியே வருகிறது. விலை நானூறு டாலருக்கு மேல். அதற்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கருவியும் மாட்டியிருக்கிறோம். 104-க்குக் கீழே போனால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டு வாசலில் ஆர்விக்கென்று 30 ஆம்பியர் முனை போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன்கள் அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் முனை என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவதுண்டு. செருகிய நொடியில் வண்டியில் உள்ள எல்லாம் போய்விடும். மீட்டர் வைத்து அளக்காமல் செருகாதீர்கள்.

இரண்டாவது, சாஃப்ட் ஸ்டார்ட்டர். மைக்ரோ-ஏர் நிறுவனத்தின் ஈஸிஸ்டார்ட் 364. கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி, மெதுவாகக் கிளப்புவது இதன் வேலை. நான்கு கம்பி இணைப்பு, இரண்டு மணிநேர வேலை. முதல் ஐந்து முறை கிளம்பும்போது நம் கம்ப்ரசரின் போக்கைக் கற்றுக்கொள்கிறது. கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன். முன்பு கிளம்பும்போது 60 ஆம்பியரைத் தொட்டது, இப்போது 22-க்குள் அடங்குகிறது. இதைவிட மலிவாக 'ஹார்டு ஸ்டார்ட்' என்று ஒன்று கிடைக்கும். அது கூடுதல் கெபாசிட்டர் மூலம் ஓங்கி ஒரு தள்ளு தள்ளிக் கிளப்புவது. இரண்டும் ஒன்றல்ல.

இதனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஜெனரேட்டர். எங்களிடம் இருப்பது ஹோண்டா இயு2200ஐ. தொடர்ந்து 1,800 வாட் தரும். ஓடும்போது ஏசிக்கு 13 ஆம்பியர், அதாவது சுமார் 1,560 வாட் தேவை. ஓட்டுவதற்கு அது போதும், கிளப்புவதற்குத்தான் முன்பு போதவில்லை. இப்போது கிளப்பிவிடுகிறது. ஆனால் மைக்ரோவேவ், மின் வெந்நீர் இரண்டையும் தொடக்கூடாது. உயரமான இடங்களில் கணக்கு மாறும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஜெனரேட்டரின் பலம் 3.5 சதவீதம் குறைகிறது. ஃபோர்ட் டேவிஸ் பக்கம் 5,000 அடியில் 1,500 வாட்கூட வரவில்லை, ஏசி ஐந்து நிமிடத்தில் நின்றது. அங்கே இரவு குளிர்ந்துவிடும் என்பதால் பெரிய கஷ்டம் இல்லை.

2023 வசந்தத்தில் ஒரு மழைக்குப் பின் உள்கூரை மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காரணம், இயந்திரத்துக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட். ஓர் அங்குல நுரை அரை அங்குலத்துக்கு அழுந்தியிருக்க வேண்டும். எங்களுடையது தளர்ந்து ஒரு மூலையில் பிளந்திருந்தது. ஒரு நண்பருடன் சேர்ந்து இயந்திரத்தைத் தூக்கிப் புது கேஸ்கெட் வைத்தோம். போல்ட்டுகளைக் கார்ச் சக்கரத்துக்கு இறுக்குவது போல எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். சுற்றிலும் சீலண்ட் பூசினால் இன்னும் பத்திரம் என்று தோன்றும். செய்யக்கூடாது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் அடியில்தான் வழிந்து கூரைக்குப் போக வேண்டும். அந்த வழியை அடைத்தால் உள்ளேதான் வரும்.

மலைநாட்டில், வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சர்மேல் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கவும் ஒருமுறை முயன்றேன். சுண்ணாம்புப் பாறைப் பூமி, உப்புத் தண்ணீர். இரண்டே வாரத்தில் தகடுகளில் வெள்ளைப் படிவம். அதைச் சுத்தம் செய்யவே ஒரு நாள் போனது.

பணம் செலவில்லாத விஷயங்கள் சில உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். கூரையில் உள்ள காற்றுத்துளைகளுக்குப் பஞ்சுத் தலையணை போல அடைப்பான் செருகுகிறோம். மேற்குப் பார்த்த கண்ணாடிகளுக்குள் வெள்ளித்தாள் போன்ற வெப்பத்தடுப்பை வெட்டி வைக்கிறோம். இடம் பதிவு செய்யும்போது ஓக் மரத்தடியாகப் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் மேல், ஏசியைக் காலை ஒன்பதுக்கே போட்டுவிடுகிறோம். மெல்லிய சுவரும் ஒற்றைக் கண்ணாடியும் உள்ள பெட்டி இது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரும் மெத்தையும் சூடேறிய பிறகு போட்டால், இரவு எட்டு வரை எந்த ஏசியாலும் எட்டிப்பிடிக்க முடியாது. வெளியைவிட இருபது டிகிரி குறைத்துக் கொடுத்தால் அது நல்ல ஆர்வி ஏசி. எங்களுடையது நிழலில் 23 வரை தருகிறது.

இந்த ஆண்டு செப்டம்பரில் விசிறி மோட்டாரிலிருந்து ஒரு கீச்சல் கேட்கத் தொடங்கியிருக்கிறது. குறைந்த வேகத்தில் மட்டும், முதல் பத்து நிமிடம். பேரிங் தேய்கிறது என்று நினைக்கிறேன். மோட்டார் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். நவம்பரில் வெயில் தணிந்ததும் மேலே ஏறிக் கழற்றிப் பார்க்கவேண்டும். அப்பாவிடம் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "கிரீஸ் வச்சுப் பாக்குற வேலையெல்லாம் வேண்டாம், மோட்டாரையே மாத்திரு" என்றார்.